கிரயம் கடைசி நேரத்தில் நின்றுவிட்டது, யோசனை சொல்லுங்கள்

கேரளாவில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் வீட்டை விற்க அக்ரிமென்ட் போட்டு, கிரயத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. வில்லேஜ் ஆபீசில் கைவச சர்டிபிகேட் (இடம் நம் அனுபவத்தில் இருக்கிறது என்ற சான்று) எடுக்கும்போதுதான் தெரிந்தது: வீடு நிற்கிற இடம் பழைய ரெக்கார்டில் இன்னும் 'நிலம்', அதாவது வயல். பேங்க் லோன் தர மறுத்தது, வாங்குபவர் விலகிவிட்டார். நல்ல மனிதர்தான், சண்டையெல்லாம் இல்லை. ஆனால் அவர் தந்த அட்வான்ஸை அப்படியே பொள்ளாச்சியில் பார்த்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்த அம்மா, பிரிக்கவா வேண்டாமா என்று தினமும் கேட்கிறார்.

இடம் டேட்டா பேங்கில், அதாவது வயல், சதுப்பு நிலங்களின் அரசுப் பட்டியலில், இல்லை. ஆர்டிஓவுக்கு (வருவாய் கோட்ட அதிகாரி) படிவம் 6 போட்டுப் புரையிடமாக, அதாவது வயல் அல்லாத மனை இடமாக, மாற்றலாம் என்கிறார்கள். சித்தூர் தாலுகாவில் அப்படி மாற்றியவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு நாள் பிடித்தது? அப்புறம், அட்வான்ஸைத் தவணையாகத் திருப்பித் தருவதென்றால் கேன்சல் பத்திரத்தில் என்னென்ன எழுதிக்கொள்ள வேண்டும்?