நீர்க்கடுப்பு, யூரின் இன்ஃபெக்ஷன்: உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

மழைக்குருவி:
நள்ளிரவில் மாமியார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "நீ யாரும்மா? நேரமாச்சே, உங்க வீட்ல தேட மாட்டாங்களா?" என்று என்னைக் கேட்டார். அன்று சாயங்காலம்வரை வீட்டுக் கணக்கு எழுதியவர். ஜுரம் இல்லை, எரிச்சல் இல்லை. பக்கவாதம் என்று பயந்து ஓடினோம், ஸ்கேனில் ஒன்றுமில்லை. யூரின் கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா. ஆன்டிபயாடிக் ஏற ஏறத் தெளிந்துவிட்டார். அந்த ராத்திரி அவருக்கு நினைவே இல்லை. எனக்குத்தான் அந்த 'யாரும்மா' காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. வேறு யார் வீட்டிலாவது இப்படி?

ஜன்னலோரம்:
எனக்கு வழக்கமான கடுப்புதான். ஓடி ஓடிப் போவது, போனால் நாலு சொட்டு, உங்களுக்கே தெரியும். அப்புறம் ஒரு குளிர் வந்தது பாருங்கள், கம்பளிக்கு மேல் கம்பளி போர்த்தியும் பல் தந்தியடித்தது. டாக்டர் முதுகுப்பக்கம், கடைசி விலா எலும்புக்குக் கீழே, முஷ்டியால் லேசாக ஒரு தட்டு தட்டினார். அலறிவிட்டேன். "கிட்னிக்கு ஏறிடுச்சு" என்று உடனே அட்மிஷன். இன்றைக்கும் யாராவது பேச்சுவாக்கில் முதுகைத் தட்டினால் தூக்கிப்போடுகிறது.

நடைப்பயிற்சி:
ஆண்களுக்கு வராது என்பார்கள். எனக்கு வந்தது. ப்ராஸ்டேட் வீங்கி, சிறுநீர் முழுக்க வெளியேறாமல் தேங்கியதால். கதை அவ்வளவுதான்.

ஆனால் சகோதரிகளுக்குச் சிலது சொல்ல வேண்டும். அடக்கி வைக்காதீர்கள். முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். உறவுக்குப் பிறகு சிறுநீர் கழித்துவிடுங்கள். வாசனை சோப்பு, உள்ளே கழுவுவது எல்லாம் வேண்டாம். விந்தணுக்கொல்லி ஜெல்லாலும் தொற்று கூடும். தண்ணீர் விஷயத்தை அடித்தே சொல்வேன்: அடிக்கடி தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பெண்களைத் தினமும் கூடுதலாக 1.5 லிட்டர் குடிக்கவைத்துப் பார்த்தார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வில் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கிரான்பெரி மறுபடி வராமல் தடுக்க ஓரளவு உதவும், வந்ததை ஆற்றாது. மிச்சம் கிடக்கும் மாத்திரையைப் போடாதீர்கள். கல்ச்சருக்குக் கொடுத்த பிறகே மாத்திரை. முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுங்கள்.

வெயில்காலம்:
நடைப்பயிற்சி அண்ணா, இது அத்தனையும் வருஷக்கணக்காகச் செய்கிறேன். வரத்தான் செய்தது. அறை நிறைய ஆள் இருக்கும்போது ஒரு டாக்டர் சிரித்துக்கொண்டே, "கொஞ்சம் சுத்தமா இருக்கணும்மா" என்றார். எழுந்து போக முடியாமல் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தேன். சிறுநீர் வெளியேறும் குழாய் எங்களுக்குச் சுமார் 4 செ.மீ., உங்களுக்கு 20 செ.மீ. கிட்ட. கிருமி சிறுநீர்ப்பைக்கு ஏற வேண்டிய தூரம் அவ்வளவுதான். இதில் அழுக்கு எங்கே வந்தது? மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து, உள்ளே இருக்கும் நல்ல பாக்டீரியாவும் குறைந்துபோகும் என்று இன்னொரு டாக்டர்தான் சொன்னார். பிறப்புறுப்பில் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் எழுதிக் கொடுத்தார். அதற்குத்தான் கேட்டது.

இரவுப்பணி:
மழைக்குருவி, மாமியார் தேறியதில் சந்தோஷம். ஆனால் வயதானவர் உளறினாலே யூரின்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், வார்டில் இதை நிறையப் பார்க்கிறேன். வயதானவர்கள் பலருக்குத் தொந்தரவே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருக்கும். தொந்தரவு இல்லையென்றால் பொதுவாக மருந்து தேவையில்லை. கர்ப்பிணிகள் கதை வேறு, அவர்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஒரு தாத்தா, கல்ச்சர் பாசிட்டிவ், ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டே இருக்கிறது, குழப்பம் மட்டும் தீரவில்லை. போர்வையை விலக்கி வயிற்றைத் தொட்டால் கல் மாதிரி. நாள்கணக்காக மலம் போகவில்லை. எனிமா கொடுத்த பிறகுதான் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கேஸ் ஷீட்டில் பக்கம் பக்கமாக யூரின் ரிப்போர்ட், மலம் போனாரா என்று ஒரு வரி இல்லை.