டி, டு, டே, டோ எழுத்தில் தமிழ்ப்பெயர் உண்டா? எங்கள் பிள்ளைகளுக்குப் பெயர் வந்த கதைகள்

ஆயில்யத்தின் அம்மா

மகள் பிறந்தது ஆயில்யத்தில். ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டில் டி, டு, டே, டோ என்று நாலே எழுத்து. தமிழ்ப்பெயர்தான் வைப்பது என்று மாசமாக இருக்கும்போதே நானும் கணவரும் பேசி வைத்திருந்தோம். தமிழ்ச்சொல் எதுவும் ‘ட’வில் தொடங்காது என்பது தொல்காப்பியம் சொல்லும் இலக்கணம். எங்கே போய்த் தேடுவது?

27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், ஆக 108 எழுத்துகள். வடமொழி ஒலிகளை வைத்துப் போட்ட அட்டவணை அது. பூசத்துக்கு ஹு, ஹே, ஹோ வருவதும், திருவாதிரைக்கு ‘ங’ வருவதும் அதனால்தான். இதைச் சொன்னால் மாமியார் கேட்கவில்லை. பேத்தி நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அவர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது புரிந்ததால் நானும் சண்டைக்குப் போகவில்லை. மாமனார்தான் வழி சொன்னார். தொட்டிலில் போடும்போது காதில் மூன்று முறை சொல்வது நட்சத்திரப் பெயராக இருக்கட்டும், சான்றிதழில் நீங்கள் நினைத்த பெயர் இருக்கட்டும்.

அப்புறம்தான் உண்மையான தேடல். தமிழ்ப்பெயர் என்று வரும் பட்டியல்களில் பாதிக்கு மேல் ‘ஷ’வும் ‘ஸ்ரீ’யும்தான். சங்கப் புலவர்களில் பெண்கள் யார் யார் என்று பார்க்க ஆரம்பித்தேன். வெள்ளிவீதியார், ஒக்கூர் மாசாத்தியார், நச்செள்ளையார். குறுந்தொகையில் பாடியிருக்கும் அள்ளூர் நன்முல்லையார் பெயரைப் பார்த்ததும் கணவரைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். நன்முல்லை. அதோடு தேடுவதை நிறுத்திவிட்டோம். வடமொழிப் பெயரை விட்டு, தமிழறிஞர் வேதாசலம் மறைமலை அடிகள் ஆனதும், அரசியல் தலைவர் இராமையா அன்பழகன் ஆனதும் வளர்ந்த பிறகு அவர்களே எடுத்த முடிவு. எங்கள் மகளுக்கு அந்த வேலையே இல்லை என்பதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

தாமிரபரணிக்காரன்

எங்க பக்கம் மூத்த பையனுக்குத் தாத்தா பேருதான். அப்பா பேரு சுடலைமுத்து, மகனும் சுடலைமுத்து. “இந்தக் காலத்துல போயா?” என்று சென்னையில் கேட்காத ஆள் இல்லை. குலதெய்வத்தின் பேரைச் சொல்ல எதுக்குக் கூச்சப்படணும்? இசக்கி, பேச்சிமுத்து, முனியாண்டி எல்லாம் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டிலிருந்து காணாமல் போய்க்கொண்டிருக்கு. அதைப் பார்க்கையில் எனக்கு வருத்தமா இருக்கு.

வீட்டில் ஒரு சிக்கல். மாமனார் பேரை என் மனைவி வாயால் சொல்ல மாட்டாள், எங்க அம்மாவும் புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டா. அதனால இரண்டு பேருக்குமே அவன் ‘ராசா’தான்.

வெளிநாடு போனபோது வேறொரு கூத்து. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் என் பேரைப் போட்டோம். அங்கே பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதத்திலெல்லாம் பையனை என் பேரில்தான் விளிக்கிறாங்க! பாஸ்போர்ட் எடுக்கும் முன்னாலேயே இதையும் யோசிச்சுக்கோங்க.

ஓய்வுபெற்ற பதிவு அலுவலக எழுத்தர்

பேரூராட்சியில் பிறப்புப் பதிவைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதைப் பெயரையும் 21 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. பெயரில்லாமலே பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அவசரத்தில் ஒரு பெயரைக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே எண்கணிதக்காரர் சொன்னார் என்று ஆங்கிலத்தில் இன்னொரு ‘ஏ’ சேர்க்கக் கேட்டு வருவார்கள். பதிந்த பெயரை நினைத்தபடி மாற்ற வழியில்லை என்று சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

எழுத்துக்கூட்டலைத் தொலைபேசியில் சொல்லாதீர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் தாளில் எழுதிக் கொடுங்கள். ‘ழ’ உள்ள பெயரை ஆங்கிலத்தில் அம்மா ஒரு மாதிரியும் அப்பா வேறு மாதிரியும் எழுதுவார்கள். பள்ளிச் சான்றிதழ் வரைக்கும் அது துரத்தும். 1.10.2023 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் போன்றவற்றில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம்.

நாலாவது பெண்ணின் மகள்

எங்கள் அம்மா பெயர் போதும்பொண்ணு. வீட்டில் நாலாவது பெண். இப்படிப் பெயர் வைத்தால் அடுத்தது ஆண் பிறக்கும் என்று நம்பினார்கள். அடுத்துப் பையன் பிறந்ததும் பெயர் பலித்துவிட்டது என்று ஊரே சொன்னதாம். ரேஷன் கடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அம்மா கையை மட்டும் உயர்த்துவார், வாய் திறக்க மாட்டார்.

எனக்கு இரண்டாவதும் பெண் பிறந்தபோது, பிரசவ வார்டிலேயே ஒரு பாட்டி “பேரிலேயே ஒரு முற்றுப்புள்ளி வச்சிரு” என்றார். யாரிடமும் குரல் உயர்த்தாத அம்மா அன்று உயர்த்தினார். “என் பேத்தியோட பேரு அவளைப் பத்தித்தான் இருக்கணும், அடுத்துப் பொறக்கப் போறவனைப் பத்தி இருக்கக் கூடாது” என்றார். பெயர் வைக்கும் உரிமையை அவருக்கே கொடுத்தோம். நிறைமதி என்று வைத்தார். அன்று பௌர்ணமிகூட இல்லை, அவருக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். அத்தைதான் பெயர் சொல்ல வேண்டும் என்று என் நாத்தனார் கொஞ்சம் முகம் சுளித்தார். அம்மாவின் கதையைக் கேட்டபின், சபையில் அவரே நிறைமதி என்று முதலில் சொன்னார்.

எழுத்தர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. அக்கா மகளுக்கு 13 வயது. பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் ஏறவில்லை. வழி இருக்கிறதா?

ஓய்வுபெற்ற பதிவு அலுவலக எழுத்தர்

இருக்கிறதம்மா. பதிந்த நாளிலிருந்து 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பிறப்பைப் பதிந்த அதே அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். பழைய சான்றிதழையும் பள்ளியில் பெயர் எப்படி இருக்கிறது என்பதற்கான சான்றையும் எடுத்துப் போகட்டும். சேர்க்கப்போகும் பெயரும் பள்ளியில் உள்ள பெயரும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள்.