காணி உறுதி ஸ்கான் 38 எம்பி, ஸிப் போட்டும் குறையவில்லை

உவர்மலை வாசி:
திருகோணமலையிலிருந்து கொழும்பிலுள்ள சட்டத்தரணிக்குக் காணி உறுதி அனுப்ப வேணும். 14 பக்கம், கலரில் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), ஒரே பிடிஎஃப், 38 எம்பி. ஸிப் போட்டால் 37தான் வருகிறது. 25 எம்பி எல்லையைத் தாண்டியதால் ஜிமெயில் அதை டிரைவ் லிங்க் ஆக்குகிறது. அவர்களோ லிங்க் வேண்டாம், இணைப்பாகவே வேண்டும் என்கிறார்கள். வேறு ஸிப் மென்பொருளால் குறையுமா? முத்திரையும் நில அளவைப் படத்தின் எண்களும் தெளிவாக இருக்க வேணும்.

கடலோரம்:
எதைப் போட்டாலும் குறையாது தம்பி. கோப்பில் திரும்பத் திரும்ப வருவதைப் பிடித்துச் சுருக்கி எழுதுவதுதான் ஸிப்பின் வேலை. ஸ்கான் பிடிஎஃப்பின் பக்கங்கள் பெரும்பாலும் ஜேபெக் படங்கள், ஏற்கெனவே பிழிந்தவை. வேர்டின் டொக்எக்ஸ், எக்ஸெலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கூட உள்ளுக்குள் ஸிப்தான். வெறும் எழுத்துக் கோப்பு, சிஎஸ்வி அட்டவணை, சுருக்காத பிஎம்பி படம் என்றால் நன்றாகக் குறையும்.

கை வைக்க வேண்டியது ஸ்கானரில். 600ஐ 200 ஆக்கினால் நீளமும் அகலமும் மூன்றிலொன்று, புள்ளிகள் ஒன்பதிலொன்று. ஏ4 பக்கத்தில் 3 கோடியே 48 லட்சம் புள்ளி இருந்த இடத்தில் 39 லட்சம்தான் இருக்கும். கோப்பு அதே கணக்கில் இறங்காது, புள்ளிக்குப் புள்ளி விவரம் நெருக்கமாகிவிடும். 6, 7 எம்பி எதிர்பாருங்கள்.

நில அளவைப் படத்தை மட்டும் 300இல் எடுங்கள். ஏக்கர், றூட், பேர்ச்சஸ் என்ற நில அளவு எண்களில் 3உம் 8உம் ஒன்றுபோல் தெரிந்தால் அந்த ஸ்கானால் பயனில்லை. 200 வீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டே அனுப்புங்கள். முத்திரை உள்ள பக்கம் கலர், மற்றவை கிரே (சாம்பல் நிறம்). 'கறுப்பு வெள்ளை' வேண்டவே வேண்டாம். அதில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்றில் கறுப்பு, அல்லது வெள்ளை. மங்கிய ஊதா முத்திரை அடியோடு மறைந்துபோகும்.

கிண்ணியா பாலம்:
இன்னொன்று. மின்னஞ்சல் எந்தக் கோப்பையும் பேஸ்64 என்ற முறையில் வெறும் எழுத்தாக மாற்றித்தான் கொண்டுபோகும். 3 பைட் 4 எழுத்தாகும், வரிமுறிவும் சேரும். 7 எம்பி கோப்பு 9.6 ஆகிவிடும். வாங்கும் பக்கத்து எல்லை 10 என்றால் 8 எம்பியே திரும்பி வரும். உங்கள் 25ஐ விட அவர்களுடைய எல்லையைக் கேட்டறிவதுதான் முக்கியம்.

உவர்மலை வாசி:
நன்றி. 7-ஸிப் மென்பொருளில் துண்டு போட்டுக் கடவுச்சொல்லும் வைக்கலாமா?

கடலோரம்:
துண்டு வேண்டாம். 001, 002 என்று வருபவற்றில் ஒன்று தவறினால் முழு உறுதியும் திறக்காது, போனில் பார்ப்பவர்களுக்கு இன்னும் சிரமம். பிடிஎஃப்பையே 1–7, 8–14 எனப் பிரித்து இரண்டு மின்னஞ்சலில் போடுங்கள். ஒவ்வொன்றும் தனியாகத் திறக்கும்.

கடவுச்சொல்லைப் பிடிஎஃப்புக்கே வையுங்கள். 7-ஸிப்பின் ஏஇஎஸ்-256 பூட்டுப் போட்ட ஸிப்பை விண்டோஸ் தானாகத் திறக்காமல் போகலாம். பூட்டிய ஸிப்பிலும் கோப்பின் பெயர் வெளியே தெரியும். கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதாமல் போனில் சொல்லுங்கள். 600 டிபிஐ மூலத்தை அழிக்காதீர்கள்.