ராயபுரம் குடும்பம்: சுவத்துல அஞ்சு பேரு யாரு?

தினேஷ்: எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை ஜிம் திறப்பு. உள்சுவத்துல அஞ்சு கட்டம், நவீன காலத்து அஞ்சு பாக்ஸர். பெயின்டர் நாளைக்குக் காலைல 7 மணிக்கு வராரு. வரைஞ்சப்புறம் மூஞ்ச மாத்த முடியாதாம். ராத்திரிக்குள்ள பேரு சொல்லுங்க

பாபு: டைசன்

பாபு: டைசன்

பெரியப்பா: அலி நடுவுல. மத்த நாலு யாரா இருந்தா இன்னா

முருகன் மாமா: 👍

சேகர் சித்தப்பா: பொறுங்க. எதை வெச்சு அளக்கறோம்னு முதல்ல முடிவு பண்ணுங்க. தோக்காத கணக்கு மட்டும்னா மேவெதர் 50-0, மார்சியானோ 49-0, வேலை முடிஞ்சுது. ஆனா மேவெதரோட 50-வது ஆட்டம் 2017-ல மெக்கிரகரோட. அந்தாளுக்கு அதுதான் முதல் தொழில்முறை பாக்ஸிங். யாரை ஜெயிச்சாங்க, அந்த ஆளு அப்ப எந்த ஃபார்ம்ல இருந்தாரு, எத்தனை எடைப்பிரிவு தாண்டினாங்க, இதத்தான் பாக்கணும்

பிரியா: ஆரம்பிச்சுட்டாரு 😂

மல்லிகா அத்தை: ஞாயித்துக்கிழமை சாப்பாடு சைவமா அசைவமா? காலைலேருந்து கேக்கறேன்

பாபு: டைசன் 20 வயசுல ஹெவிவெயிட் சாம்பியன். அதுக்கு மேல இன்னா வேணும்

சேகர் சித்தப்பா: 1986 நவம்பர், பெர்பிக், ரெண்டே ரவுண்டு. இல்லன்னு சொல்லல. ஆனா அவர் ஆட்டமே தலை அசைவுலதான் இருந்துச்சு. ரெண்டு கையும் கன்னத்துல, தலை ஒரு இடத்துல நிக்கவே கூடாது. குட்டையான ஆளு ஜாபுக்கு (முன்கையால நேரா விடற குத்து) அடியில பூந்து கிட்டப் போறதுக்காக அவர் கோச் கஸ் டமாட்டோ பழக்கினது. டமாட்டோ 1985-ல செத்துட்டாரு, 1988-ல கோச் ரூனியையும் அனுப்பிட்டாங்க. அப்புறம் தலை நின்னுச்சு, ஒத்தை ஒத்தைக் குத்தா போட ஆரம்பிச்சாரு. 1990 பிப்ரவரி டோக்கியோவுல டக்ளஸ் ஜாப் போட்டே இடது கண்ண வீங்க வெச்சுட்டாரு. வீக்கத்த அமுக்கற ஜில்லுன்னு இருக்கற இரும்புத்துண்டு கூட டைசன் கார்னர்ல இல்ல. ரப்பர் கையுறைல ஐஸ் தண்ணிய ஊத்தி கண்ணு மேல வெச்சாங்க. 10-வது ரவுண்டுல நாக்அவுட்

பாபு: 8-வதுல டக்ளஸ் விழுந்தாரே. ரெஃபரி மெதுவா எண்ணாரு

சேகர் சித்தப்பா: விழுந்தவன் ரெஃபரி விரலத்தான் பாப்பான், கடிகாரத்த இல்ல. 9-ல எழுந்துட்டாரு. செல்லும்

முருகன் மாமா: அலி மெட்ராஸுக்கே வந்தாரே

பெரியப்பா: 1980. நேரு ஸ்டேடியம். ஜிம்மி எல்லிஸோட காட்சி ஆட்டம். லிஸ்டன், ஃபிரேசியர், ஃபோர்மன் மூணு பேரையும் சாச்ச ஆளு. நடுவுல 3½ வருஷம் ஆடவே விடல

சேகர் சித்தப்பா: அண்ணே, கோச்சுக்காதீங்க. தினேஷ் கேட்டது நவீன காலம்னா என் கணக்கு 1982-க்கு அப்புறம்தான். அந்த நவம்பர்ல மான்சினியோட ஆடின கொரியாக்காரர் டுக் கூ கிம் 14-வது ரவுண்டுல விழுந்து, கொஞ்ச நாள்ல இறந்துட்டாரு. டபிள்யூ.பி.சி.ங்கற உலக பாக்ஸிங் அமைப்பு உடனே 15 ரவுண்ட 12 ஆக்குச்சு, மத்தவங்க பின்னால வந்தாங்க. எடை பாக்கறதும் முந்தின நாளுக்குப் போச்சு. உடம்புத் தண்ணிய வத்த வெச்சு எடை காட்டிட்டு, மறுநாள் ஏத்திக்கிட்டு ஆடறாங்க. ஆட்டமே வேற

பெரியப்பா: அலி இல்லாத சுவத்துக்கு நான் ரிப்பன் வெட்ட வரல

முருகன் மாமா: ரிப்பன் நீங்கதான் வெட்டறீங்களா? யாரு முடிவு பண்ணது?

தினேஷ்: மாமா அது அப்புறம் பேசலாம்

முருகன் மாமா: அழைப்புப் பத்திரிகைலயும் என் பேரு மூணாவது வரி. சரி

பிரியா: அஞ்சும் ஆம்பளைங்களா? க்ளாரெஸா ஷீல்ட்ஸ் 2012, 2016 ரெண்டு ஒலிம்பிக் தங்கம், மூணு எடைப்பிரிவுல நாலு அமைப்போட உலகப் பட்ட பெல்ட்டும் ஒண்ணா. இல்லன்னா மேரி கோம் போடுங்க

சேகர் சித்தப்பா: ஷீல்ட்ஸ் ஓகே. மேரி கோம் ஆறு உலகப் பட்டம், ஆனா அமெச்சூர். அதுக்கு அளவுகோல் வேற

பிரியா: பொண்ணுங்க யாரப் பாத்து வருவாங்க சித்தப்பா?

தினேஷ்: பாக்கியாவ்?

சேகர் சித்தப்பா: கண்டிப்பா. எட்டு எடைப்பிரிவு. 1998-ல 112 பவுண்டு பட்டம், 2010-ல 154. 2008-ல டி லா ஹோயாவ உக்கார வெச்சாரு, 8 ரவுண்டு முடிஞ்சு அவர் ஸ்டூல விட்டு எழுந்திரிக்கல. ஆனா அதுல ஒரு பாதிதான் மார்க். டி லா ஹோயா 147-க்கு இறங்கி வத்திப்போய் நின்னாரு, கால்ல சத்தே இல்ல

பாபு: அப்ப மேவெதர்? பாக்கியாவ 2015-ல ஜெயிச்சாரே

சேகர் சித்தப்பா: ஜெயிச்சாரு, அஞ்சு வருஷம் லேட்டா. திறமைல குறை சொல்ல முடியாது. இடது தோள் தாடை வரைக்கும், இடது கை வயித்துக்குக் குறுக்க, வலது கை கன்னத்துல. வர்ற வலது குத்து தோள்ல வழுக்கிப் போயிடும். உடைக்கணும்னா விடாம ஜாப் போடணும். 2007-ல டி லா ஹோயா பாதி ஆட்டம் அப்படித்தான் போட்டாரு, பின்னால ஜாப விட்டாரு, தோத்தாரு. இல்லன்னா 2014-ல மைதானா மாதிரி தோளுக்கு மேல சுத்தி வலது. தினேஷ், அந்த நிலைய மட்டும் வரையாத. புதுப் பசங்க இடது கைய இறக்கிட்டு நின்னா மூக்கு உடையும். அலிக்கும் அதேதான். கை கீழ, தலை பின்னால. 1971-ல ஃபிரேசியரோட இடது ஹூக் 15-வது ரவுண்டுல அவரையே கீழ தள்ளுச்சு

பெரியப்பா: எழுந்து நின்னாரா இல்லையா?

சேகர் சித்தப்பா: நின்னாரு அண்ணே

பெரியப்பா: போடு அப்ப

தினேஷ்: கை மேல இருக்கற அலி படம் இருக்கு. அதத் தரேன். உசிக்?

சேகர் சித்தப்பா: இப்ப ஆடறதுல என் முதல் ஆளு. 2018-ல க்ரூஸர்வெயிட் நாலு பெல்ட், 2024 மே-ல ஃப்யூரிய அடிச்சு ஹெவிவெயிட் நாலும். ஃப்யூரி அவரவிட அரை அடி உசரம். இடது கைக்காரர் உசிக். வலது காலை ஃப்யூரியோட இடது காலுக்கு வெளிப்பக்கம் வெச்சுட்டா நேர் இடது திறந்துக்கும். பசங்களுக்குக் காட்ட வேண்டியது அந்தக் காலு. முழு உருவமா வரையச் சொல்லு

பாபு: யாரும் டைசன் பேரயே எடுக்கல

தினேஷ்: சரி. அலி, பாக்கியாவ், உசிக், ஷீல்ட்ஸ். அஞ்சாவது மேவெதரா க்ராஃபோர்டா?

சேகர் சித்தப்பா: க்ராஃபோர்ட். 2023-ல ஸ்பென்ஸ 9 ரவுண்டுல, 2025 செப்டம்பர்ல ரெண்டு பிரிவு தாண்டிப் போய் கனெலோவ. மேவெதர் யாரையும் அப்படித் தேடிப் போகல

பாபு: 50-0வ சுவத்துல போடாம விடறதா? ஒத்துக்க மாட்டேன்

தினேஷ்: அஞ்சாவது கட்டத்துக்கு நாளைக்கு ப்ரைமர் மட்டும் அடிக்கச் சொல்றேன்

முருகன் மாமா: ரிப்பன்?

தினேஷ்: அம்மா உங்களுக்கு போன் பண்ணுவாங்க மாமா

மல்லிகா அத்தை: அப்ப பிரியாணி 150 பேருக்குச் சொல்லிடறேன். முருகன் வீட்டு ஆளுங்க வராங்களா இல்லையா, அத யாராவது சொல்லுங்க