வலைச்சாவடி: பொது வைஃபையில் முதலில் வந்து நிற்கும் பக்கத்துக்கு ஒரு சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பொது வைஃபையில் இணைந்ததும், நெட் வருவதற்கு முன் வந்து நின்று எண் கேட்கும் பக்கத்தை ஆங்கிலத்தில் 'கேப்டிவ் போர்ட்டல்' என்கிறார்கள். அதற்குத் தமிழ் கேட்டுத் தொடங்கிய இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: சிறைப்பிடி வலைவாசல், கட்டுண்ட வாயில், உள்நுழைவுப் பக்கம், வாசல் பக்கம். ஐந்தாவதாக நான் 'வலைச்சாவடி' என்ற சொல்லை முன்வைக்கிறேன். காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் மதுரையில் பேருந்துக்குக் காத்திருந்தபோது, உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தன் செல்லை என்னிடம் நீட்டினார். "வைஃபை வந்திருச்சு தம்பி, நெட்டுதான் வரமாட்டேங்குது" என்றார். மகள் அனுப்பியிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டின் படம் அவருக்குத் திறக்க வேண்டும். அன்றைய டேட்டா தீர்ந்துபோயிருந்தது. திரையின் மேலே விசிறி மாதிரிக் குறி முழுதாக இருந்தது, ஓரத்தில் ஒரு வியப்புக்குறியோடு. அறிவிப்பை இழுத்துப் பார்த்தால், உள்நுழையச் சொல்லி ஒரு வரி. தொட்டதும் முழுக்க ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வந்து செல் எண் கேட்டது. அவர் மனப்பாடமாகச் சொன்ன எண்ணைப் போட்டேன். ஓடிபி வரவேயில்லை. விசாரித்தால் அது திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடைய எண். அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அதுதான். மகனைக் கூப்பிட்டுக் கேட்டால், "ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுப்பா" என்கிறார். அந்தத் தம்பி சொன்னது முழுக்கச் சரி. கடைசியில் என் செல்லிலிருந்து டேட்டா பகிர்ந்துதான் படத்தைத் திறந்து கொடுத்தேன்.

அப்புறம் வீட்டுக்கு வந்தும் அதே யோசனைதான். 'முதலில் ஒரு பக்கம் வரும், அதைத் தாண்டினால்தான் நெட் வரும்' என்று அவருக்கு நான் ஐந்து நிமிடம் விளக்கினேன். அந்தப் பக்கத்துக்கு ஒரு பெயர் இருந்திருந்தால் பாதி வேலை குறைந்திருக்கும். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பிலும் 'இலவச வைஃபை' என்று மட்டுமே இருந்தது. ஆக, இந்தச் சொல் ஆவணங்களுக்கு மட்டும் தேவைப்படுவது இல்லை. சுவரில் எழுதத் தகுந்த சொல்லாக அது இருக்க வேண்டும்.

பொருளைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் சொல் தானாக வரும் என்பது என் அனுபவம். அதனால் அந்தப் பக்கம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். செல் ஒரு புதிய வைஃபை அலையில் இணைந்ததும், நமக்குத் தெரியாமல் ஒரு குட்டி முகவரிக்குத் தூது அனுப்புகிறது. ஆண்ட்ராய்டு என்றால் 204 என்ற பதிலை எதிர்பார்க்கும். 'சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் சரி' என்பது அதற்குப் பொருள். 204 வராமல் வேறு ஏதாவது பக்கம் வந்தால், நடுவில் யாரோ நிறுத்துகிறார்கள் என்று செல்லுக்குப் புரிந்துவிடும். உடனே ஓர் அறிவிப்பைக் காட்டி நம்மை அந்தப் பக்கத்துக்கு அழைக்கிறது. முன்பெல்லாம் நாம் எந்தத் தளத்தைத் திறந்தாலும் அதை மறித்து இந்தப் பக்கத்தைக் காட்டிவிடுவார்கள். இப்போது பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ், அதாவது நடுவில் யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிய இணைப்பு, ஆகிவிட்டதால் அப்படி மறித்தால் எச்சரிக்கைதான் வரும். 'இங்கே ஒரு தடுப்பு இருக்கிறது, முகவரி இது' என்று வலையே செல்லுக்குச் சொல்லும் முறை 2015இல் ஆர்எஃப்சி 7710 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது; 2020இல் ஆர்எஃப்சி 8910 அதற்கு மாற்றாக வந்தது. நம் நாட்டில் இந்தப் பக்கம் செல் எண்ணும் ஓடிபியும் கேட்பதற்கு, பொது வைஃபை பயன்படுத்துவோரின் அடையாளம் தெரிய வேண்டும் என்ற தொலைத்தொடர்புத் துறையின் 2009ஆம் ஆண்டு நெறிமுறை காரணம்.

இதில் 'சிறை' எங்கே வருகிறது? யாரும் யாரையும் சிறைபிடிக்கவில்லை. நிறுத்துகிறார்கள், எண் கேட்கிறார்கள், சரிபார்க்கிறார்கள், விடுகிறார்கள். ஆங்கிலச் சொல்லின் முதல் பாதியான 'கேப்டிவ்' (சிறைப்பட்ட) என்பதை அப்படியே மொழிபெயர்த்ததால்தான் நம் முதல் இரண்டு சொற்களும் பயமுறுத்துகின்றன. பேருந்து நிலையச் சுவரில் 'சிறைப்பிடி வலைவாசலில் உங்கள் எண்ணைக் கொடுக்கவும்' என்று எழுதினால் எந்த அம்மா கொடுப்பார்?

'உள்நுழைவுப் பக்கம்' எளிமையானது. ஆனால் மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் ஏற்கெனவே அதைத்தான் சொல்கிறோம். இந்த இரண்டும் குழம்பக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்கும் இடமும் பொது வைஃபை எண் கேட்கும் இடமும் ஒரே பெயரில் இருந்தால், நாளைக்கு எவனாவது போலி அலை ஒன்றைத் திறந்து வைத்து மக்களை ஏமாற்ற வசதியாகப் போய்விடும்.

'வாசல் பக்கம்' கேட்க இனிமையாக இருக்கிறது. கீழவாசல், தெற்குவாசல் என்று ஊரையே வாசல்களால் பிரித்து வைத்திருக்கும் மதுரைக்காரனுக்கு அது பிடிக்காமல் போகுமா? ஆனாலும் 'வாசல் பக்கம் போ' என்றால் எங்கள் வீட்டில் எல்லோரும் எழுந்து தெருவைப் பார்ப்பார்கள். பேச்சில் 'பக்கம்' என்பது திசையாகத்தான் காதில் விழுகிறது.

இப்போது சாவடிக்கு வருகிறேன். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் சாவடி என்றால் தூண் வைத்த பொது இடம். பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஊருக்குப் புதிதாக வருகிறவரை "யாரு, எந்த ஊரு, யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டுவிட்டு வழி சொல்வார்கள். அந்தக் கேள்வியும் அந்த வழிகாட்டலும் சேர்ந்ததுதான் சாவடி. பிறகு வந்த சாவடிகளைப் பாருங்கள்: சுங்கச்சாவடி, வாக்குச்சாவடி, சோதனைச்சாவடி. மூன்றிலும் நிற்கிறோம், ஏதோ ஒன்றைக் காட்டுகிறோம் அல்லது கொடுக்கிறோம், கடந்து போகிறோம். மதுரையிலிருந்து திருமங்கலம் போகிறவருக்குக் கப்பலூர் சுங்கச்சாவடி என்றால் விளக்கம் வேண்டுமா? அதே சொல்லின் முன்னால் 'வலை' சேர்த்தால் போதும். வலைவாசல், வலைத்தளம், வலைப்பூ என்ற குடும்பத்திலும் அது சேர்ந்துகொள்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. சாவடியோடு வினைகள் தயாராக வருகின்றன. சாவடியில் நின்றேன், சாவடியைக் கடந்தேன், சாவடி திறக்கவில்லை, சாவடியில் மாட்டிக்கொண்டேன். 'முதலில் உள்நுழையுங்கள்' என்று வலை அனுப்பும் 511 என்ற பிழைக்குறியீட்டை 'வலைச்சாவடியைக் கடக்கவில்லை' என்று எழுதிவிடலாம். 'போலிச் சாவடி' என்றால் எச்சரிக்கையும் உடனே விளங்கும்.

கோவை நண்பர் ஒரு நியாயமான கேள்வி கேட்டிருந்தார்: சாவடி என்பது இடம்தானே, பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டத்தின் கடைகளுக்கல்லவா அது பொருந்தும் என்று. 2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த அந்தத் திட்டத்தில், டீக்கடையோ பெட்டிக்கடையோ உரிமமும் பதிவும் கட்டணமும் இல்லாமல் வைஃபை வழங்கலாம். பழைய பிசிஓ (பொதுத் தொலைபேசி நிலையம்) போலவே அப்படிப்பட்ட கடைக்குப் பிடிஓ (பொதுத் தரவு நிலையம்) என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எஸ்டிடி பூத் காலத்து நினைவோடு நண்பர் கேட்கிறார் என்று புரிகிறது. ஆனால் கடைக்குக் கடை என்ற பெயரே போதும். 'வைஃபை கடை' என்று சொன்னால் யாருக்கும் குழப்பமில்லை. பெயரில்லாமல் தவிப்பது பக்கம்தான்.

சாவடி தெலுங்கு, கன்னடம், மராத்தியிலும் உள்ள சொல், தனித்தமிழ் ஆகாது என்று ஓர் ஐயா எழுதியிருந்தார். எங்கள் ஊர்ச் சாவடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தமிழ்ச்சொல்தான். எனக்கும் அப்படியே.

தொடுபலகை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது தனி இழையில் ஓடுகிறது. தெருவில் வைக்கும் ஊடாடும் பெருந்திரைகளுக்கு 'ஊடாடு திரை'யைவிடத் 'தொடுபலகை'க்கே என் வாக்கு. பின்லாந்தின் ஔலு நகரில் 2009இல் இப்படிப்பட்ட திரைகளை நிறுவி ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். பலர் அது தொட்டால் பதில் சொல்லும் என்றே தெரியாமல் கடந்து போனார்கள். நம் ஊரில் இது இன்னும் கூடும். மகாலிலும் அருங்காட்சியகத்திலும் 'தொடாதீர்கள்' என்று படித்தே வளர்ந்தவர்கள் நாம். அவ்வளவு பெரிய கண்ணாடித் திரையைத் தொட்டால் திட்டுவார்களோ என்று குழந்தைகளைக் கையைப் பிடித்து இழுத்துப் போகும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். பெயரிலேயே 'தொடு' இருந்தால் அது ஓர் அனுமதி. நியூயார்க்கில் 2016இல் தெருத்தூண்களில் இணைய உலாவியோடு திரை வைத்தார்கள். சிலர் மணிக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்து பார்க்க, அதே ஆண்டு செப்டம்பரில் உலாவியை மட்டும் எடுத்துவிட்டார்கள். வரைபடமும் இலவச அழைப்பும் சார்ஜ் போடும் வசதியும் தொடர்ந்தன. மதுரையில் வைத்தாலும் முதலில் தேடப்படுவது பேருந்து நேரமும் சார்ஜ் போடும் இடமுமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, சொல்லைச் சுவரில் ஒட்டிப் பார்ப்போம். ஓர் அறிவிப்பு எழுதிப் பார்த்தேன்:

'வைஃபையில் இணைந்ததும் வலைச்சாவடி திறக்கும். இந்தச் செல்லில் உள்ள சிம்மின் எண்ணைக் கொடுங்கள். அந்த எண்ணுக்கு வரும் ஓடிபியை அங்கே மட்டும் இடுங்கள். வலைச்சாவடி உங்கள் வங்கி விவரத்தை ஒருபோதும் கேட்காது. கேட்டால் அது போலி; இணைப்பைத் துண்டியுங்கள்.'

இதை என் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். "சாவடின்னா நின்னுட்டுப் போறதுதானே" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. மற்ற நான்கு சொற்களையும் இதே அறிவிப்பில் போட்டு உங்கள் வீட்டில் படிக்கக் கொடுத்துப் பார்த்து எழுதுங்கள்.

கடைசியாக, யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா நேற்று எழுதியதைப் பற்றி. சாவடி என்றதும் அவருக்கு நினைவுக்கு வருவது போர்க்காலச் சோதனைச்சாவடிகள். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற காலைகள். இந்த இழையில் வந்த மறுப்புகளில் கனமானது இதுதான். இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. எங்கள் ஊர்ச் சாவடியின் நிழலைச் சொல்லி அவருடைய நினைவை அழிக்க எனக்கு உரிமையும் கிடையாது. மென்பொருள் மொழிபெயர்ப்பில் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனிக் கோப்பு வைக்க வசதி இருக்கிறது. இலங்கைக் கோப்பில் எந்தச் சொல் வர வேண்டும் என்பதை அக்காவும் அங்குள்ள மற்றவர்களும் முடிவு செய்யட்டும். அவர்கள் தேர்ந்தெடுக்கும் சொல் இங்கேயும் சுவரில் எழுதப் பொருந்தினால், வலைச்சாவடியை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதுவரை இந்தியக் கோப்பில் இதைப் பரிந்துரையாகச் சேர்க்கலாமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து