சாவி இல்லாத பூட்டு போடலாமா? பூட்டு வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நிலைப்படி:

வீட்டில் ஐந்து பேர், சாவி மூன்றுதான். யாராவது ஒருவர் வாசலில் காத்து நிற்பது வழக்கமாகிவிட்டது. பையன் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நாங்கள் இரண்டு பேரும் வேலையில் இருப்போம், மாமியாருக்கு மூட்டுவலி, அவர் எழுந்து வந்து திறப்பதற்குள் அவன் நாலு தடவை மணி அடித்துவிடுவான். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அம்மாவிடமும் ஒரு சாவி இருந்தது. அவர் வேலையை விட்டபோது ஒழுங்காகத் திருப்பித் தந்துவிட்டார், ஆனால் இடையில் அது வேறு யார் கைக்காவது போயிருக்குமா என்று கேட்கவும் சங்கடம், கேட்காமல் விடவும் மனசு ஒப்பவில்லை.

அதனால் டிஜிட்டல் பூட்டு போட்டுவிடலாம் என்று யோசனை. எண், கைரேகை, கார்டு, போன் எல்லாமே சேர்ந்து வருகிறது. பேட்டரி தீர்ந்தால் வெளியே மாட்டிக்கொள்வோமா? போன் வழியாக யாராவது திறந்துவிட முடியுமா? எண்ணா கைரேகையா, எது நல்லது? விற்பவர்களைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ‘ஒன்றும் ஆகாது’ என்கிறார்கள், அதுதான் பயமாக இருக்கிறது.

கிணற்றடி:

எங்கள் வீட்டில் போட்டிருக்கிறோம், வசதிதான், சந்தேகமே இல்லை. ஆனால் கைரேகையை மட்டும் நம்பாதீர்கள். அப்பா வாழ்நாள் முழுக்க சிமெண்டிலும் செங்கல்லிலும் வேலை செய்தவர், விரலில் ரேகை தேய்ந்து போயிருக்கிறது, பத்தில் ஒரு தடவை எடுத்தால் அதிகம். எனக்குப் பாத்திரம் கழுவிவிட்டு ஈரக்கையோடு வைத்தால் எடுக்காது. குழந்தைகளுக்கு விரல் வளர வளர மறுபடி பதிய வேண்டியிருக்கும். பெரியவர்களுக்கும் பையனுக்கும் எண்தான் சரி. கைரேகை வைப்பதானால் ஆளுக்கு இரண்டு கையிலும் ஒவ்வொரு விரல் பதிந்துவிடுங்கள், ஒரு கையில் காயம் பட்டால் இன்னொன்று உதவும்.

இன்னொன்று, ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே எண் வைக்காதீர்கள். ஆளுக்கொரு எண் வைத்தால் யார் எப்போது வந்தார்கள் என்று பதிவில் தெரியும். பையன் வீட்டுக்கு வந்துவிட்டானா என்பது எனக்கு அதில்தான் தெரிகிறது.

பட்டறை:

பூட்டு வேலைதான் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எந்தப் பூட்டு என்று பார்ப்பதற்கு முன்னால் கதவைப் பாருங்கள். திருட்டுப் போன வீடுகளுக்கு என்னைக் கூப்பிடும்போது பல இடங்களில் பூட்டு அப்படியே இருக்கும், நிலையில் பூட்டின் நாக்கு நுழையும் தகடு பதித்த இடத்தில்தான் மரம் பிளந்து கிடக்கும். அந்தத் தகட்டை அரை அங்குல ஸ்க்ரூவில் நிறுத்தியிருப்பார்கள், ஓங்கி ஓர் உதை விட்டால் கையோடு வந்துவிடும். 75 மில்லிமீட்டர் ஸ்க்ரூ போட்டு நிலையைத் தாண்டிப் பின்னால் இருக்கும் சுவர் வரை இறக்குங்கள். செலவு ஒன்றுமே இல்லாத வேலை, ஆனால் எந்த டிஜிட்டல் பூட்டையும் விட இதற்குத்தான் பலன் அதிகம். கீல் வெளிப்பக்கம் இருந்தால் அதன் ஊசியைத் தட்டி எடுத்துவிட முடியும், அதையும் கவனியுங்கள்.

அப்புறம் பூட்டின் நாக்கு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாக்கை விரலால் அழுத்திப் பாருங்கள். சாய்வாகச் சீவிய நாக்கு ஸ்பிரிங் மாதிரி உள்ளே போனால் அது வெறும் லாட்ச், இடுக்கில் ஒரு பிளாஸ்டிக் கார்டை நுழைத்துத் தள்ளியே பலவற்றைத் திறந்துவிடலாம். சதுரமான நாக்கு வெளியே வந்தபின் எவ்வளவு அழுத்தியும் அசையாமல் நின்றால் அது டெட்போல்ட். டிஜிட்டல் பூட்டிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. பளபளப்பான கண்ணாடி முகப்பு இருக்கும், உள்ளே வெறும் லாட்ச்தான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். நாக்கு 25 மில்லிமீட்டராவது வெளியே நீள வேண்டும்.

இப்போது உங்கள் பேட்டரி சந்தேகம். வீட்டுக் கதவில் மாட்டும் பெரும்பாலான பூட்டுகள் நாலு டபுள் ஏ செல்லில் ஓடுபவை, அதனால் கரண்ட் போவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. செல் ஒரே நாளில் தீர்ந்துவிடாது, பல நாள் முன்பிருந்தே விளக்கு எரிந்தோ சத்தம் போட்டோ எச்சரிக்கும். ஆனால் அந்த எச்சரிக்கை சாதாரண ஆல்கலைன் செல்லை வைத்துக் கணக்குப் போட்டது. ஆல்கலைன் ஒன்று 1.5 வோல்ட், நாலும் சேர்ந்தால் 6. ரீசார்ஜ் செய்கிற செல் 1.2 வோல்ட்தான், நாலும் சேர்ந்தாலே 4.8, புதிதாகப் போட்ட அன்றே ‘பேட்டரி குறைவு’ என்று கத்தலாம். லித்தியம் செல் கடைசி வரை நன்றாக ஓடிவிட்டுச் சட்டென்று விழும், எச்சரிக்கை வருவதற்குள் பூட்டு நின்றுவிடலாம். தயாரிப்பாளர் என்ன செல் போடச் சொல்கிறாரோ அதையே போடுங்கள், பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள், நாலையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள்.

அப்படியும் தீர்ந்துவிட்டால், பல பூட்டுகளில் வெளிப்பக்கம் அடியில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும். 9 வோல்ட் சதுர பேட்டரியை அதில் அழுத்திப் பிடித்துக்கொண்டே எண்ணை அழுத்த வேண்டும், கையை எடுத்தால் உயிர் போய்விடும். சிலவற்றில் அதற்குப் பதில் யுஎஸ்பி துளை இருக்கும். இது இரண்டும் இல்லாத பூட்டை வாங்காதீர்கள்.

செல் சீக்கிரம் தீர்கிறது என்று என்னிடம் வருபவர்களில் நிறைய பேருக்குப் பூட்டில் கோளாறே இருக்காது. கதவு தொங்கியிருக்கும், இல்லையென்றால் மழைக்காலத்தில் மரம் ஊறியிருக்கும், நாக்கு தகட்டில் உரசி உரசித்தான் உள்ளே போகும். கையில் பூட்டும்போது கதவைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தோ தூக்கிப் பிடித்தோ பூட்டுகிறீர்களா? அந்த வேலையை மோட்டார் தனியாகச் செய்ய முடியாது. நாக்கின் நுனியில் சாக்பீஸ் பூசிவிட்டுக் கதவைச் சாத்திப் பூட்டிப் பாருங்கள், தகட்டில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கே இடிக்கிறது. அதைச் சரிசெய்தபின் பூட்டு மாட்டுங்கள்.

எண் விஷயத்தில் 1234, பிறந்த வருஷம், வீட்டு எண் எதுவும் வேண்டாம். கம்பெனியிலிருந்து வரும் மாஸ்டர் எண்ணை மாட்டிய அன்றே மாற்றிவிடுங்கள், மாட்டியவர் கிளம்பிப் போனபிறகு மாற்றுங்கள், அது நானாக இருந்தாலும் சரி. பட்டன்களின் மேல் டார்ச் விளக்கைச் சாய்த்து அடித்துப் பாருங்கள், தினமும் அழுத்துகிற பட்டன் மட்டும் தேய்ந்தோ விரல் பிசுக்கு படிந்தோ தனியாகத் தெரியும். நாலிலக்க எண்ணுக்கு 10,000 சாத்தியங்கள் உண்டு, ஆனால் எந்த நாலு பட்டன் என்று தெரிந்துவிட்டால் மிச்சம் 24தான். அதே நாலு பட்டனை வைத்து ஆறிலக்க எண் என்றால் 1,560. ஆகவே ஆறிலக்கம் வையுங்கள், தப்பாக அழுத்தினால் சிறிது நேரம் முடங்கும் பூட்டாகப் பாருங்கள், அவ்வப்போது பட்டன்களைத் துடையுங்கள், எண்ணை மாற்றுங்கள்.

வேலைக்கு வந்த அம்மாவைப் பற்றிக் கவலையே வேண்டாம், அவரிடம் எதுவும் கேட்கவும் வேண்டாம். ஆள் மாறும்போது சாவியையும் மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். இப்போதிருக்கும் பூட்டையும் தூக்கிப்போட வேண்டியதில்லை, சிலிண்டர் பூட்டாக (சாவி நுழையும் உருளை உள்ள பூட்டு) இருந்தால் உருளைக்குள் இருக்கும் சின்ன உலோகப் பின்களை மாற்றி வேறு சாவிக்குப் பொருத்திவிடலாம். குடிவரும் வீட்டில் முதல் வேலையாக நான் செய்யச் சொல்வதும் அதுதான். டிஜிட்டல் என்றால் புதிதாக வருபவருக்குத் தனி எண், அவர் நின்றால் அதை மட்டும் அழித்துவிட்டால் போதும். உங்கள் நிலைமைக்கு இந்தப் பூட்டு பொருந்துகிறது என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

பூச்சாடி:

பட்டறை ஐயா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். திறக்கவே முடியாத பூட்டு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். லண்டனில் பிராமா கம்பெனி தன் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி (பழைய இங்கிலாந்துப் பணம்) பரிசு என்று அறிவித்துக் கடை ஜன்னலிலேயே வைத்திருந்தது, அறுபது வருஷத்துக்கு மேல் யாராலும் முடியவில்லை, 1851ல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உட்கார்ந்து திறந்துவிட்டார். ஆனால் உங்கள் வாசலில் 51 மணி நேரம் எவனும் உட்காரமாட்டான். சில நிமிடம் தாமதமாக்கினாலே பெரும்பாலும் ஆள் நகர்ந்துவிடுவான்.

சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். புது வீட்டுச் சாவியைக் கையில் பிடித்துப் படம் எடுத்துப் போடுவதும் வேண்டாம், தெளிவான படத்தில் பல்வெட்டைப் பார்த்தே நகல் வெட்டிவிடலாம்.

அலைவரிசை:

நெட்வொர்க் வேலை செய்பவன் என்ற முறையில் போன் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். சாதாரணத் திருடன் கதவை நெம்புவானே தவிர ஹேக் செய்துகொண்டு நிற்கமாட்டான். ஆனாலும் ஓட்டைகள் உண்மைதான். 2022ல் என்சிசி குரூப் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் புளூடூத் சிக்னலை இடையில் வாங்கி நீட்டித்து, போன் தூரத்தில் இருக்கும்போதே டெஸ்லா மாடல் 3 காரையும் குவிக்செட் கெவோ பூட்டையும் திறந்து காட்டினார்கள். போன் பக்கத்தில் வந்தாலே தானாகத் திறக்கும் வசதியில் வரும் ஆபத்து இது. அந்த வசதியை அணைத்துவிட்டு, செயலியைத் திறந்து அழுத்தினால் மட்டும் திறக்கும்படி வையுங்கள்.

வைஃபை இணைப்பு உங்களுக்குத் தேவையா என்று முதலில் யோசியுங்கள். வெளியூரிலிருந்து திறக்க வேண்டியதில்லை என்றால் இணைக்காமலே விடலாம், செல்லும் அதிக நாள் வரும். இணைப்பதானால் செயலிக்கு வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு, ஓடிபி சரிபார்ப்பு, ரூட்டருக்குப் புது பாஸ்வேர்டு, ஃபர்ம்வேர் (பூட்டுக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் எல்லாம் கட்டாயம். பழைய போனை விற்கும் முன் பூட்டின் கணக்கிலிருந்து அதை நீக்குங்கள்.

கார்டு வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. 125 கிலோஹெர்ட்ஸ் சாதாரண கார்டை நகலெடுக்கும் கருவி யாருக்கும் கிடைக்கும், மைஃபேர் கிளாசிக் என்ற இன்னொரு வகைக் கார்டின் ரகசியக் குறியீட்டை 2008லேயே உடைத்துவிட்டார்கள்.

நிலைப்படி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சாக்பீஸ் வைத்துப் பார்த்தேன், தகட்டின் கீழ்விளிம்பில் வெள்ளை ஒட்டியிருக்கிறது. தூக்கிப் பிடித்துப் பூட்டுவது எங்களுக்குப் பழகியே போய்விட்டது, அது ஒரு கோளாறு என்றே தோன்றவில்லை. பட்டறை அண்ணா, டிஜிட்டல் பூட்டோடு ஒரு சாவியும் தருகிறார்களே, அதை என்ன செய்வது? இன்னொன்று, எங்கள் காரும் சாவியைத் துளையில் போடாமல் திறக்கும் வகை. அந்தச் சாவியை வாசல் கதவை ஒட்டிய ஆணியில்தான் மாட்டுகிறோம், அதற்கும் அலைவரிசை சொன்ன சிக்னல் ஆபத்து உண்டா?

பட்டறை:

கீழ்விளிம்பில் இடித்தால் கதவு தொங்கியிருக்கிறது, நாக்கு தாழ்வாக வருகிறது. முதலில் கீல் ஸ்க்ரூக்களை முறுக்கிப் பாருங்கள், மேல்கீலில் ஏதாவது தளர்ந்திருக்கலாம். அதில் சரியாகவில்லை என்றால் தகட்டின் துளையை கீழ்ப்பக்கம் அரத்தால் கொஞ்சம் ராவினால் போதும்.

டிஜிட்டல் பூட்டோடு வரும் சாவியை வீட்டு அலமாரியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். செல் தீர்ந்து வெளியே நிற்பவர்கள் என்னைக் கூப்பிடும்போது முதலில் கேட்பது சாவி எங்கே என்றுதான், பாதிப் பேர் உள்ளே இருக்கிறது என்பார்கள். நம்பிக்கையான சொந்தக்காரர் வீட்டில் ஒன்று இருக்கட்டும். வாங்கும்போதே அந்தச் சாவித்துளையின் சிலிண்டரையும் பாருங்கள். முகப்பு எவ்வளவு நவீனமானாலும் சிலிண்டர் மட்டமானது என்றால் திருடன் அதைத்தான் தொடுவான். அது கதவுத் தகட்டை விட்டு 3 மில்லிமீட்டருக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றால் பிடித்து ஒடித்துவிடலாம். துளையில் எண்ணெய் விடாதீர்கள், தூசு ஒட்டிப் பின்கள் இறுகும், கிராஃபைட் பொடி போடுங்கள்.

மாமியார் உள்ளே தனியாக இருப்பார் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உள்பக்கம் சாவியோ எண்ணோ இல்லாமல் கைப்பிடியைத் திருப்பினாலே திறக்க வேண்டும். தீப்பிடித்தால் எண்ணை நினைவுபடுத்திக்கொண்டு நிற்க முடியாது. செல்லை எடுத்துவிட்டும் உள்ளிருந்து திறக்கிறதா என்று மாட்டிய அன்றே அவர் கையாலேயே திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

அலைவரிசை:

கார் சாவிக்கு ஆபத்து உண்டு, ஆணியை இடம் மாற்றுங்கள். வாசலுக்கு வெளியே ஒருவன் கருவியோடு நின்று சாவியின் சிக்னலை வாங்கி, காருக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கு அனுப்புவான், சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று நினைத்து கார் திறந்துவிடும். ஜூரிச் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011லேயே 8 கம்பெனிகளின் 10 கார் மாடல்களில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். புதிய சாவிகள் சிலவற்றில், அசையாமல் கிடந்தால் தானாகத் தூங்கிவிடும் வசதி உண்டு, உங்களுடையதில் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். இல்லையென்றால் சிக்னலைத் தடுக்கும் உறை வாங்கலாம், மூடி இறுக்கமான தகர டப்பாவும் பல நேரம் வேலை செய்யும். சாவியை உள்ளே போட்டு மூடி, டப்பாவோடு காருக்குப் பக்கத்தில் போய் கைப்பிடியைத் தொடுங்கள். திறந்துகொண்டால் அந்த டப்பா உதவாது, வேறு பாருங்கள். மாற்றுச் சாவியையும் அதே டப்பாவில் வைக்க வேண்டும், ஒன்றை மூடிவிட்டு இன்னொன்றை மேஜையில் விட்டால் பயனில்லை.