கடற்பசுவுக்கும் அசுவினிக்கும் ஒரே சொல் ஆகுமா?

வணக்கம்.

தமிழ்க் கலைச்சொற்கள் பற்றிய நம் உரையாடலில், தாவர உண்ணிகளுக்கு உதவும் நுண்ணுயிர்கள் எல்லாவற்றையும் 'குடல்வாழி' என்றே அழைக்கலாம் என்று நண்பர் எழுதியிருந்தார். கடற்பசுவுக்கு இந்தச் சொல் நன்றாகவே பொருந்தும். பாக் நீரிணைப் பக்கத்து மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அந்த விலங்கு கடற்புல்லைக் கிழங்கோடு பிடுங்கித் தின்கிறது. மேய்ந்த இடத்தில் உழவுச்சால் போல மணலில் தடம் கிடக்கும். நாளொன்றுக்கு 30, 40 கிலோ புல். அந்த நாரைப் பெருங்குடலில் நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்தால்தான் அதற்குச் சோறு.

செடியின் சாற்றை உறிஞ்சி வாழும் சிறு பூச்சியான அசுவினியிடம் வந்தால் சொல் தடுக்கி விழுகிறது. இன்று காலை எங்கள் வீட்டு அவரைக் கொடியின் நுனியைத் திருப்பிப் பார்த்தேன். எள்ளை அப்பி வைத்தது போல ஒரே கறுப்பு. கீழ் இலையில் விரல் பிசுபிசுவென்று ஒட்டியது. எறும்புகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. அசுவினி உறிஞ்சும் சாற்றில் சர்க்கரை மிகுதி, அமினோ அமிலம் சொற்பம். மிஞ்சும் சர்க்கரையைப் பின்வழியே சொட்டிவிடுகிறது. போதாத அமினோ அமிலங்களை ஆக்கித் தருவது புக்னெரா என்ற பாக்டீரியா. அது வாழ்வது குடலில் அல்ல, தனக்கென்றே அமைந்த உயிரணுக்களுக்குள். தாயின் வயிற்றிலேயே அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறது. 15 கோடி ஆண்டுகளுக்கு மேலான குடித்தனம் இது! கடற்பசுக் குட்டிக்கோ, குடல் நுண்ணுயிர்கள் பிறந்த பின்னர் வெளியிலிருந்து வந்து சேர வேண்டும். இரண்டையும் குடல்வாழி என்றால், படம் வரையச் சொன்னால் மாணவர் அசுவினிக்கும் குடலைத்தான் வரைவார்.

எனவே குடல்வாழி கடற்பசுவோடு நிற்கட்டும். புக்னெரா போன்றவற்றுக்கு 'உள்ளுறையி' என்று வைக்கலாம். உள்ளே கூடி வாழும் உயிர் என்ற பொருளில் முன்பு பேசிய 'அகக்கூட்டுயிரி' பிழையில்லாத சொல்தான். ஆனால் வகுப்பில் நாலு முறை சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். 'உள்ளுறையி' என்றதும் சங்கப் பாடல்களில் வரும் உள்ளுறை உவமம் நினைவுக்கு வந்து இலக்கண அன்பர்கள் முகம் சுளிக்கலாம். வெளியே தெரியாமல் உள்ளே இருப்பது என்ற பொருள் இரண்டுக்கும் பொதுதானே? இன்னொரு வசதி, அது குடியிருக்கும் உயிரணுவுக்கு 'உறையுள் உயிரணு' என்ற சொல் அதே வேரிலிருந்து கிடைக்கிறது. உணவு, உடை, உறையுள் என்று பள்ளியிலேயே படித்த சொல்.

அசுவினி சொட்டும் இனிப்பு நீருக்கு, honeydew என்ற ஆங்கிலச் சொல்லின் நேர் மொழிபெயர்ப்பாக வந்த 'தேன்பனி' எனக்கு ஒப்பவில்லை. பனி காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து படிவது. 'தேன் ஒழுகல்' கம்புப் பயிரின் பூஞ்சை நோய்க்குப் போய்விட்டது. 'பூச்சித்தேன்' என்று எழுத நினைத்தேன். தேனீ மட்டும் பூச்சி இல்லையா என்று கேட்பீர்கள். வேறு சொல் கிடைக்கும் வரை 'தேன்கழிவு' இருக்கட்டும்.